ஓட்டியவர் பெயர்

செப்டம்பர் 26, திங்கள்

தக்காளிச் செடிகளை இன்று பிடுங்கிப் போட்டேன். பழுக்காத காய் பதினொன்று தேறியது. மாவில் புரட்டிப் பொரித்தால் வெர்ஜில் சாப்பிடுவார். அது அவர் பிறந்து வளர்ந்த கென்டக்கியின் நாக்கு. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடமாகியும் எனக்கு அதில் ருசி பிடிபடவில்லை.

நான்கு மணிக்கு வழக்கம்போல் கார் ஷெட்டைத் திறந்தேன். அவர் ஷெவெலில் ஏறி உட்கார்ந்தார். எழுபதாம் வருடத்து வண்டி. பச்சை நிறம், மூக்கின் மேல் இரண்டு கருப்புப் பட்டை. பட்டாளத்திலிருந்து திரும்பிய கையோடு வாங்கியது, என்னைக் கட்டிக்கொள்வதற்கு ஒரு வருடம் முன்னால். அந்தக் கணக்கில் அது எனக்கு மூத்தாள். சாவி என் ஏப்ரன் பையில் இருக்கும். கொடுத்தால் பத்து நிமிடம் எஞ்சினை ஓட விடுவார், வண்டி நகராது. பிறகு சாவியை என் கையில் வைத்து, "கார்புரேட்டர் லேசா இருமுது டோலி" என்பார். தினமும் இதே வார்த்தை. அதற்குப் பிறகு படுக்கப் போகும்வரை சாந்தமான மனிதர். மாத்திரை செய்யாததை அந்தப் பத்து நிமிடம் செய்கிறது.

ஜூன் மாதம் டாக்டர் அவருடைய டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். மறதி நோய், இனி ஏறுமுகம்தான் என்றார். வெர்ஜில் அதையும் மறந்துவிட்டார். அந்த மட்டில் நல்லது.

ஷெரில் போன் செய்தாள். மகள் என்றாலும் நர்ஸ் அல்லவா, என்னிடமும் நோயாளியிடம் பேசுவது போலத்தான் பேசுவாள். ஆகஸ்டில் இவர் அடுப்பை எரியவிட்டு வெளியே நடந்துபோனதிலிருந்து அவள் கையில் முதியோர் இல்லங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா அப்பா அங்கதாம்மா. நீ சத்தியம் பண்ணியிருக்க." பண்ணியிருக்கிறேன். ஆகவே இன்னொரு தடவை ஆகாது.

செப்டம்பர் 30, வெள்ளி

பட்டாளத்துக்காரர் சங்கத்தில் மீன் சாப்பாடு. ஷெவெல் வாங்கிய கதையை வெர்ஜில் மூன்று பேரிடம் சொன்னார். மூன்றாவது ஆள் முதல் ஆளேதான். அவன் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டான். நல்ல மனிதன்.

அக்டோபர் 4, செவ்வாய்

தப்பு என்னுடையது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நான்கு மணிக்குச் சாவியைக் கொடுத்தேன். சமையலறையில் போன் அடித்தது. மருந்துக் கடையிலிருந்து, மாத்திரை தயாராக இருக்கிறது என்று சொல்லும் அந்த இயந்திரக் குரல். இயந்திரத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன், முட்டாள்தனமாக. வெளியே எஞ்சின் சத்தம் மாறியது. நாற்பத்தைந்து வருடம் கேட்ட சத்தம், கியர் விழுந்தது காதுக்குத் தெரிந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால் ஷெட் காலி.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஃபோர்ட் தெருவைத் தாண்டி, மூடிக் கிடக்கும் பெரிய கடையின் முன்னால் வண்டி நிறுத்தும் மைதானம். புல் முளைத்த வெறும் தார். அத்தனை பெரிய வெட்டவெளியில் மோதுவதற்கு இருப்பதே ஆறு விளக்குக் கம்பங்கள்தான். அதில் ஒன்றின் கான்கிரீட் அடியில் வண்டி மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. இவர் ஓரத்துத் திட்டில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ரத்தம்.

"சூரியன் கண்ணுல அடிச்சிருச்சு டோலி."

போலீஸ் கார் எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். மரியாதை தெரிந்த பையன். "யாரு மேடம் ஓட்டினது?"

"நான்."

யோசித்துச் சொல்லவில்லை. ஷெரிலின் பட்டியல் கண் முன்னால் வந்தது, வாய் தானாகத் திறந்தது. அவன் என் ஏப்ரனைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், எழுதிக்கொண்டான். ஓட்டியவர் பெயர்: டோலோரெஸ் ஹென்ஸ்லி. வெர்ஜில் மறுத்துப் பேசவில்லை. ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எமெரி நாகி தன் இழுவை லாரியோடு வந்து ஷெவெலை எடுத்துப்போனான். இருபது வருடமாக அந்த வண்டிக்குத் தகரவேலை, பெயின்ட் எல்லாம் அவன்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

நான் அந்த வண்டியை வாழ்நாளில் ஓட்டியதில்லை. கியர் வண்டியே எனக்கு வராது, ஆட்டோமேட்டிக் மட்டும்தான். எழுபத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்ஜில் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். தெரு முழுவதும் தவளை மாதிரி குதிக்க வைத்தேன். "இன்னொரு வாட்டி கிளட்ச் கருகற வாசனை வந்துச்சுன்னா விவாகரத்துதான்" என்றார். சனிக்கிழமை பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடத்தில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது.

அக்டோபர் 5, புதன்

நான்கு மணிக்கு ஷெட்டுக்குப் போனார். திரும்பி வந்தார்.

"வண்டி எங்க?"

"எமெரிகிட்ட. இடிச்சிருச்சு."

"யாரு இடிச்சது?"

"நான்தான்."

"நீயா? உனக்கு யாரு சாவி கொடுத்தது?" முகம் சிவந்துவிட்டது. "கேட்டிருந்தா நான் ஓட்டியிருப்பேனே! கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே வீட்ல!" சாப்பாட்டைத் தொடவில்லை. நெற்றியில் பிளாஸ்திரி எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

அக்டோபர் 7, வெள்ளி

எமெரியின் பட்டறைக்குப் போனேன். ஷெவெலின் முன்பாதி கழற்றிக் கிடக்கிறது. பானெட், இரண்டு மட்கார்டு, ரேடியேட்டர் தாங்கி எல்லாம் போச்சு. அடிச்சட்டத்தின் முன்கொம்பு வளைந்திருக்கிறது. இழுத்து நிமிர்த்தலாம், உடைசலுக்கு வந்த வேறு வண்டிகளிலிருந்து பழைய தகரம் தேடிப் பிடிக்க வேண்டும், மார்ச் ஆகிவிடும் என்றான். செலவு பத்தொன்பதாயிரம் டாலர். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றேன். இருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளுக்கென்று தனி பாலிசி, வருடம் தவறாமல் கட்டி வந்தது. மதிப்பை இரண்டு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. பேரம் பேச இடமே இல்லை. பிறகு எதற்கு என் உள்ளங்கை வேர்க்க வேண்டும்?

எமெரி துணியில் கை துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றுமில்லை.

"டோலி, இங்க வந்து ஏறி உக்காரு."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கே தூரத்தில் இருந்தது. இடது காலை நீட்டினேன். கிளட்ச் பெடலுக்கும் என் பாதத்துக்கும் நடுவில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வைக்கலாம்.

"மோதினதுல தரை மடங்கி சீட்டோட தண்டவாளத்தைக் கவ்விக்கிச்சு. கடைசிப் பல்லுல. ஆறடி ரெண்டு அங்குலத்துக்காரன் உக்கார்ற எடம். முன்னாடியும் வராது, பின்னாடியும் போவாது." கொஞ்ச நேரம் வளைந்த தகரத்தைப் பார்த்தான். "உன் உயரம் என்ன?"

"அஞ்சடி."

"காலணி போட்டா" என்றான். சிரிக்கவில்லை.

அக்டோபர் 8, சனி

இன்றும் "யாரு இடிச்சது?" இன்றும் நான்.

அக்டோபர் 12, புதன்

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறாளாம். அதுவரை எதையும் தொடக்கூடாது என்று எமெரியிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

இன்று காலை நான் போய், சீட்டை முன்னால் நகர்த்தித் தரும்படி அவனிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. அந்த வண்டி ஷெட்டில் இல்லாவிட்டால் இவரை வீட்டில் வைத்திருக்க முடியாது எமெரி, நான்கு மணியானால் கூண்டில் போட்டது போல நடக்கிறார், கதவைப் போட்டு ஆட்டுகிறார். ஓட்டியது இவர் என்று தெரிந்தால் பணமும் வராது, ஷெரில் மறுநாளே வந்து நிற்பாள். எல்லாம் சொன்னேன்.

"என் பேரு அந்த சுவத்துல எழுதியிருக்கு டோலி" என்றான். "என் அப்பன் பேரும்."

"தெரியும்."

சுத்தியலை எடுத்தான். பத்துப் பன்னிரண்டு அடி. ஒவ்வொரு அடியும் என் பல்லில் விழுந்தது. சீட் நகர்ந்து முன்னால் வந்தது. அவன் அடித்த இடத்தில் தகரம் பளபளவென்று மின்னியது. தரை அழுக்கை எண்ணெயில் குழைத்து அதன் மேல் பூசினான். ஒரு நேர்மையான மனிதனை நாற்பது நிமிடத்தில் என்ன செய்துவிட்டேன்.

அக்டோபர் 14, வெள்ளி

வந்தாள், படம் பிடித்தாள், போனாள். கெண்ட்ரா மேபெரி என்று பெயர். சீட்டில் உட்கார்ந்தாளாம், எழுந்தாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் இந்த வண்டிக்கு இத்தனை வருடமும் ஓட்டுநர் என்று வெர்ஜிலின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதனால் என்னிடம் நேரில் வாக்குமூலம் வாங்க வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி.

அக்டோபர் 15, சனி

"எந்த கியர்ல போனேன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றான் எமெரி. எனக்குக் கியர் எத்தனை என்றே சரியாகத் தெரியாது. நாலு, பின்னால் போக ஒன்று என்று அவன்தான் சொன்னான்.

மாதா கோவில் வண்டி நிறுத்துமிடத்தில் அவனுடைய பழைய பிக்கப் வண்டியில் என்னை உட்கார வைத்தான். வெர்ஜில் எமெரியின் மனைவியோடு உள்ளே பிங்கோ ஆடிக்கொண்டிருந்தார். கணவனைக் காப்பாற்ற, அறுபத்தெட்டு வயதில் கிளட்ச் கற்கிறேன். இல்லை. என் பொய்யைக் காப்பாற்ற. எழுதும்போதாவது உண்மையை எழுது டோலோரெஸ்.

முதல் அரைமணி தவளைதான். "விடு, விடு, மெதுவா விடு, அது என்ன கரப்பான் பூச்சியா ஓங்கி மிதிக்கறதுக்கு?" என்று கத்தினான். அப்புறம் எப்படியோ ஒரு தடவை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது விழுந்தது, சத்தமில்லாமல். எனக்கு — இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது — சந்தோஷமாக இருந்தது. வெர்ஜிலிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது.

அக்டோபர் 19, புதன்

குளித்துவிட்டு வந்தேன், ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. வெறும் சட்டையோடு போயிருக்கிறார், வெளியே நடுக்கும் குளிர்.

எங்கே தேடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த மைதானத்தில், அந்தக் கம்பத்தடியில் நின்றிருந்தார். கான்கிரீட்டில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம கலர்" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து கதவுக்கு மேலே எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வாங்கி அடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, எட்டாதது எனக்குத்தான். அவர் ஆறடி. கீழே ஒன்று அடித்தேன்.

வண்டி மட்டும் திரும்பி வந்துவிடட்டும். நான்கு மணிக்குப் பத்து நிமிடம். வேறு ஒன்றும் கேட்கவில்லை நான்.

அக்டோபர் 23, ஞாயிறு

ஷெரில் போனில். விபத்தை எவளோ பள்ளித் தோழி சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, நீ எப்பம்மா கியர் வண்டி ஓட்டினே?"

"அப்பா சொல்லிக்கொடுத்தாரு."

"இந்த நெலமையிலயா?"

"கியர் போடறதெல்லாம் மறக்கல அவருக்கு."

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விட்டாள். நம்பவில்லை. மறுத்துப் பேசத்தான் அவளுக்குத் தெம்பில்லை. இரவுப் பணி முடித்து வந்த குரல்.

அக்டோபர் 28, வெள்ளி

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

கெண்ட்ரா இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பாலத்தில் நெரிசல் என்று மூன்றரைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும், நல்ல பெண், தாமதத்துக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். சமையலறை மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள். வெர்ஜிலைப் பின்னறையில் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு வந்திருந்தால் நான்குக்குள் முடிந்திருக்கும். நான்கு மணியை நான் மறந்தேன். வீட்டில் மறதி அவருக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எந்த கியர்ல இருந்தீங்க மிஸஸ் ஹென்ஸ்லி?"

"மூணாவது."

"மூணாவது கியர்ல திரும்பினீங்களா?"

"மூணாவதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சாவி கேட்க வந்து நிற்கிறார். "அந்த வளைவுல எந்தக் கிறுக்கன் மூணாவது போடுவான்? ரெண்டாவது போட்டுத்தான் திருப்பணும்."

"வெர்ஜில், உள்ள போ. டிவி பாரு."

போகவில்லை. கெண்ட்ராவைப் பார்த்துச் சிரித்தார், பழைய சிரிப்பு. "இவளுக்குக் கியர் போடத் தெரியாதும்மா. ஊருக்கே தெரியும். நான்தான் ஓட்டினேன். ரெண்டாவதுல திருப்பினேன், சூரியன் நேரா மூஞ்சில. கம்பம் தெரியல. பிரேக்கை அமுக்கினேன், இடது பக்கமா இழுத்துச்சு. இந்த வண்டில அது பழைய கோளாறு, வசந்தத்துல பார்க்கணும்னு இருந்தேன்."

இருபத்து நான்கு நாள் தினமும் கேட்டவர். யாரு இடிச்சது, யாரு இடிச்சது. இன்றைக்கு முழுசாக வந்துவிட்டது, நொடி பிசகாமல். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பட்டறை மேஸ்திரியாக நின்ற நிற்பு அது. முதுகு நிமிர்ந்து, ஒரு கை கதவு நிலையில். ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது, சத்தியமாக. அடுத்த கணம் மேசையில் ஓடிக்கொண்டிருந்த கருவியைப் பார்த்தேன்.

நான் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் பேச்சை எடுத்துக்காதீங்க. அவருக்கு மூளை சரியில்ல. காலைல சாப்பிட்டது என்னன்னு கேளுங்க, தெரியாது. ஜூன் மாசமே டாக்டர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வெச்சுட்டாரு."

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட முகத்துக்கு நேரே அப்படிப் பேசமாட்டேன்.

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு கெண்ட்ரா பக்கம் திரும்பினார்.

"அவ சொல்றது சரிதாம்மா. எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் சரியா வர்றதில்ல. டோலிதான் ஓட்டினா." போகப்போனவர் நின்றார். "நல்லாத்தான் ஓட்டுவா."

பின்னறைக்குப் போனார். சாவி கேட்கவில்லை.

கெண்ட்ரா பையிலிருந்து ஃபைலை எடுத்தாள். பிறகு மெதுவாக, "ஜூன்ல லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்ததா சொன்னீங்க" என்றாள். ஃபைலைப் புரட்டினாள். ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். ஜூலையில் பாலிசியைப் புதுப்பித்த படிவம். வீட்டில் யாருடைய லைசென்ஸாவது ரத்தானதா, திருப்பித் தரப்பட்டதா, வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் நோய் உண்டா? இரண்டிலும் 'இல்லை' கட்டத்தில் என் பேனாவின் குறி. கீழே என் கையெழுத்து.

ஞாபகம் வந்தது. அன்றைக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, நின்றபடியே போட்டேன். அவர் ஓட்டப் போவதில்லையே, இதை எதற்கு ஊருக்குச் சொல்வது என்று நினைத்தேன்.

"எனக்கு வருத்தமா இருக்கு மிஸஸ் ஹென்ஸ்லி" என்றாள். கருவியை அணைத்தாள். அணைத்த பிறகு, "எங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு" என்றாள்.

அக்டோபர் 29, சனி

தெரிந்தே எனக்காகப் பொய் சொன்னாரா? இல்லை, நான் சொன்னதை நம்பிவிட்டாரா? கேட்க முடியாது. கேட்டாலும் இனி அவருக்கே தெரியாது.

நவம்பர் 3, வியாழன்

நான்கு மணிக்கு அவர் எழுந்திருக்கவேயில்லை. நானே ஷெட்டைத் திறந்து வைத்தேன். வாங்க, சும்மா பார்க்கலாம் என்றேன். எங்கிருந்து வந்தது இந்த 'வாங்க'? வாழ்நாளில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எதுக்கு? எனக்குத்தான் மூளை சரியில்லையே" என்றார். கோபமே இல்லை குரலில். யாரோ சொன்ன விலாசத்தைத் திருப்பிச் சொல்வதுபோல.

நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை. இது நினைவிருக்கிறது.

நவம்பர் 10, வியாழன்

கடிதம் வந்தது. தவறான தகவல் தரப்பட்டதால் பாலிசி ஜூலை முதலே செல்லாது. கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டியது யார் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்தக் கேள்விக்கே அவர்கள் போகவில்லை. சுத்தியல், கிளட்ச், கம்பத்தடியில் வாயில் வந்த 'நான்' — எதற்கும் தேவையே இருந்திருக்கவில்லை.

எமெரியிடம் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தான். திட்டுவான் என்று நின்றேன். "உக்காரு, காபி இருக்கு" என்றான்.

நவம்பர் 13, ஞாயிறு

ஷெரிலுக்கு நானே சொன்னேன். ஓட்டியது நான் இல்லை, அப்பாதான். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். அழுதாள். "இவ்வளவையும் நீ தனியா பண்ணினியாம்மா" என்றாள். அதற்கு அவள் கத்தியிருக்கலாம்.

நவம்பர் 19, சனி

முதல் பனி. நகராட்சி லாரி பனி உருகத் தெருவில் உப்புத் தூவிக்கொண்டு போனது. ஒவ்வொரு வருடமும் அந்த லாரிச் சத்தம் கேட்பதற்குள் ஷெவெலைக் கழுவித் துடைத்து, பெட்ரோலில் மருந்து ஊற்றி, சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் போர்த்திவிடுவார். உப்பு பட்டால் தகரம் அரித்துவிடும். "உப்பு" என்றேன், ஜன்னலைக் காட்டி. "ஆமா, உப்பு" என்றார்.

ஷெரில் வந்திருந்தாள். சாப்பிடும்போது அவளிடம் சொன்னார்: "எனக்கு மூளை சரியில்லயாம். உங்கம்மா சொன்னா. பாவம், அவளால முடியல. ஏதாவது எடம் இருந்தா பாரு."

அவரே சொல்லிவிட்டார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 1, வியாழன்

எமெரி வண்டியை வாங்கிக்கொண்டான், நொறுங்கினது நொறுங்கினபடி. யாரும் கொடுக்காத விலை கொடுத்தான். இல்லத்துக்கு முன்பணம் ஆயிற்று. வண்டியின் உரிமைப் பத்திரத்தில் வெர்ஜில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு, "போடலாமா?" என்று என்னைக் கேட்டார். இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் கேட்கிறார். தண்ணீர் குடிக்கலாமா, படுக்கலாமா.

டிசம்பர் 5, திங்கள்

கொண்டுபோய் விட்டோம். இரண்டாவது மாடி, ஜன்னல் இருக்கிறது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஜனவரி 16, திங்கள்

ஷெட்டில் விளக்குமாறு வைக்கப் போனேன். தரையில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. துடைக்கவில்லை.

மார்ச் 4, சனி

இல்லத்தில் மார்வா என்று ஒரு நர்ஸ், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "உங்க வீட்டுக்காரர் நாலு மணியானா ஜன்னல்கிட்ட போய் நிக்கறாரு" என்றாள். என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். வண்டி நிறுத்துமிடத்தைத்தான். "எதுக்குன்னு கேட்டா, அவருக்கே தெரியல."

நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது. ஆனால் எழுந்து நின்று, வந்தவருக்கு இடம் கொடுப்பதுபோல நாற்காலியைக் கொடுத்தார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

எமெரி காலையில் போன் செய்தான். "வா, பாரு."

பட்டறை வாசலில் வெயிலில் நின்றது. பச்சை, கருப்புப் பட்டை, எல்லாம் இருந்தபடி. இடது மட்கார்டின் நிறம் மட்டும் ஒரு சாயல் புதுசு; தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். பிரேக் இழுப்பதையும் சரி செய்துவிட்டானாம். இன்சூரன்ஸ் அவன் பேரில். ஓட்டக்கூடியவர்கள் என்ற கட்டத்தில் அவன் பெயருக்குக் கீழே என் பெயர். என்னிடமும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள் என்று படிவத்தை நீட்டினான். உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை படித்துப் போட்டேன்.

"நாலு மணிக்கு அங்க இருக்கணும்னா இப்பவே கிளம்பு" என்றான். சீட்டை எனக்காக முன்னால் தள்ளி வைத்திருந்தான். கூட வரவில்லை.

ஒரு தடவை கூடக் குதிக்கவில்லை. பயத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் குதிக்கவில்லை. இல்லத்து வாசலில் இரண்டாவது போட்டுத் திருப்பினேன். அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டேன். மேலே பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார், கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி. கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

பத்து நிமிடம் கழித்து எஞ்சினை அணைத்துவிட்டு மாடிக்குப் போனால் மார்வா நடையிலேயே பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் பார்த்தாள். அவள் அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

"'என் வண்டி'ன்னாரு மிஸஸ் ஹென்ஸ்லி. சத்தம் கேட்டவுடனே, எட்டிப் பார்க்கறதுக்கு முன்னாடியே. எந்த வருஷம்னு கேட்டேன், சொன்னாரு. ஓட்டிட்டு வர்றது உங்க மனைவிதானே, பாருங்க, கை ஆட்டறாங்கன்னு சொன்னேன்." நிறுத்தினாள். "சிரிச்சாரு. 'அது டோலி இல்லம்மா. அவளுக்குக் கியர் போடத் தெரியாது'ன்னுட்டாரு."

உள்ளே போனேன். எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்தேன். அவர் முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளிச்சமாக இருந்தது.

"கீழ பார்த்தீங்களா? எவளோ ஒரு பொம்பள என் வண்டியை ஓட்டிட்டு வந்தா. நல்லா ஓட்டறா. ரெண்டாவது போட்டுத் திருப்பினா."

"பார்த்தேன்" என்றேன். சாவி என் கைப்பையில் இருந்தது.